"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த ஆன்டிவைரஸ்ணே நல்லது, ஒண்ணு போட்டு விடுங்க" என்பதுதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் அது போதும் என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். காசு கொடுத்து வாங்கினால்தான் காவல் என்று ஒரு நினைப்பு. ஆனால் என் மேஜைக்கு வரும் மெஷின்களில் வைரஸ் தானாக உள்ளே புகுந்தது குறைவு. உரிமையாளரே டிஃபெண்டரை ஆஃப் பண்ணி வழிவிட்டதுதான் அதிகம்.

முகூர்த்த சீசன் முடிந்த கையோடு திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர். போட்டோ ஒன்றுகூடத் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்தில் புதிதாக ஏதோ ஒட்டியிருக்கிறது, எல்லா ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை என்று எழுதியிருந்தது. தள்ளுபடி வேறு!

கடைசியாக என்ன இன்ஸ்டால் பண்ணினீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் மெதுவாக, "போட்டோஷாப்ணே... கிராக்" என்றார். காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்புதான் கிராக். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்க். இறங்கியது பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைல், பாஸ்வேர்டும் அங்கேயே எழுதியிருக்கிறது. இலவசமாகக் கொடுக்கிற சாமானுக்கு எதற்குப் பூட்டு என்று யாரும் யோசிப்பதில்லை. பாஸ்வேர்ட் போட்டுவிட்டால் ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான். கூடவே ஒரு குறிப்பு: இன்ஸ்டால் செய்யும்முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். இவரும் அணைத்துவிட்டார். நடுவில் விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல ஒரு திரை வந்திருக்கிறது, அப்டேட்தானே என்று டீ குடிக்கப் போய்விட்டார். அது அப்டேட்டே இல்லை. ஃபைல்களைப் பூட்டி முடிக்கும்வரை நாம் மெஷினை அணைத்துவிடக் கூடாது என்பதற்காகக் காட்டும் வேஷம்.

இது ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று சொல்லப்படும் ரேன்சம்வேர் வகை, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். பெரிய கம்பெனிகளைவிட வீட்டு மெஷின்களையும் இந்த மாதிரி சின்ன ஸ்டூடியோக்களையும்தான் அதிகம் பிடிக்கும், கிராக் சாஃப்ட்வேர்தான் அதற்கு முக்கிய வாசல். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசமாக ஒரு திறப்புக் கருவி வெளியிட்டது. ஆனால் இந்த வைரஸின் புது ரகங்களில், பூட்டும் நேரத்தில் அதனால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல், கையில் வைத்திருந்த பொதுச் சாவியைப் பயன்படுத்தியிருந்தால்தான் அது உதவும். நெட் இருந்திருந்தால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி, அதற்கு மருந்து கிடையாது. இவருக்கு நெட் நன்றாகவே இருந்திருக்கிறது. ஒரு கல்யாணத்தின் படங்கள் மட்டும் தப்பின, கேமரா கார்டை இன்னும் ஃபார்மட் பண்ணாமல் வைத்திருந்ததால்.

காசு கட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டினாலும் சாவி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொன்னேன், பின்னால் என்றைக்காவது சாவி வெளியே வந்தால் உதவும். இன்னொன்று, இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: இந்த வகை வைரஸ் பல நேரம் பாஸ்வேர்ட் திருடும் ஸ்பைவேரையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்து வைத்த ஜிமெயில், பேங்க், இன்ஸ்டாகிராம் எல்லாம் போயிருக்கலாம். எனவே வேறொரு சுத்தமான மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ எல்லா பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட மெஷினிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதுசும் திருடன் கையில்தான்.

ஆல்பம், ஃப்ளெக்ஸ் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள், வேலை முடிந்ததும் சொருகி காப்பி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் விட்டால் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆல்பம் கைக்குப் போகும்வரை கேமரா கார்டைத் தொடாதீர்கள்.

பென் டிரைவ் கதை பழசு, ஆனாலும் முடியவில்லை. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கும், ஐகான் மூலையில் சின்ன அம்புக்குறி. பதறிப்போய் ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் உள்ளேயேதான் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், எடுத்துவிடலாம். அந்த அம்புக்குறியைத் திறந்து பார்ப்பதுதான் தப்பு, வைரஸ் ஓடுவதே அதில்தான். பிரின்டுக்கு பிடிஎஃப்பை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. அப்படியே ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து வையுங்கள். பில் போலத் தெரிவது பிடிஎஃப்பா, கடைசியில் இஎக்ஸ்இ (திறந்தால் ஓடும் புரோகிராம்) ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2000-இல் உலகத்தையே சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ், ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் மறைந்திருப்பதைப் பயன்படுத்தித்தான் காதல் கடிதமாக வந்தது.

அப்டேட்டைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு, உலகம் முழுக்க மெஷின்களைப் பூட்டிய வான்னக்ரை ரேன்சம்வேர் ஞாபகம் இருக்கட்டும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, வைரஸ் வந்தது மே மாதம். இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இப்போது போன். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டில் ஆப் இன்ஸ்டால் பண்ணும் ஃபைல்) வருகிறது, அதுவும் தெரிந்தவர் நம்பரிலிருந்தே, ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். டிராஃபிக் ஃபைன் என்ற பெயரிலும் வரும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும்; ஆப்பாக எந்த மாமாவும் அனுப்ப மாட்டார். ஆண்ட்ராய்டு தன் பங்குக்குத் தடுத்துத்தான் பார்க்கும். தெரியாத இடத்திலிருந்து இன்ஸ்டால் பண்ணவா என்று கேட்கும், அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். இரண்டுக்கும் சரி கொடுத்துவிட்டால் பேங்க் ஓடிபி நேரே திருடனுக்குப் போகும்.

அமுக்கித் தொலைத்துவிட்டீர்கள் என்றால் உடனே ஃப்ளைட் மோடு போடுங்கள், வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள், வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும்முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. மெசேஜ், ஏபிகே வந்த நம்பர், பணம் கழிந்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போனை என்னிடம் கொண்டு வருவது அதற்குப் பிறகுதான். முதலிலேயே வந்து, "சுத்தமா அழிச்சுக் குடுங்கண்ணே" என்று நின்றால், புகாருக்குக் காட்ட வேண்டியதும் சேர்ந்தே அழிந்துவிடும்.