நிறக்குருடு இருந்தால் எம்.பி.பி.எஸ். சேர முடியுமா?

முடியும். நீட் எழுதவும் தடையில்லை, கலந்தாய்வில் சீட் எடுக்கவும் தடையில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. "கலர் தெரியலைன்னா டாக்டர் ஆக முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிளஸ் ஒன்னிலேயே உயிரியலைக் கைவிடவைப்பது பெரிய அநியாயம்.

முதலில், இது எத்தனை பேருக்கு இருக்கிறது? ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் சுமார் 0.5 சதவீதம். ஆசியாவில் பொதுவாக இதைவிடக் குறைவு. நீட் தேர்வு நிறப்பார்வையைப் பார்த்து யாரையும் வடிகட்டுவதில்லை என்பதால், வெளியே எப்படியோ மருத்துவக் கல்லூரிக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள். பாதிப் பேர் ஆண்கள், அவர்களில் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பேட்ச்சில் ஐந்து பேர். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. பிறந்ததிலிருந்து பார்க்கும் உலகம் அதுதானே.

சிவப்பு-பச்சைக் குறைபாடுதான் அதிகம். தாய் வழியாக மகனுக்கு வரும். தாய்மாமனுக்கு இருந்தால் பையனையும் சோதித்துவிடுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் பெண் குழந்தைக்கு வரும் வாய்ப்பும் கூடும்: அப்பாவுக்குக் குறைபாடு, அம்மாவிடம் அதே மரபணு என்றால் மகளுக்கும் வரலாம்.

இனி விதி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நிறக்குருடு இல்லை. அதனால் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் சீட் கேட்க முடியாது. பொதுப் பிரிவிலோ, உங்கள் சமூக ஒதுக்கீட்டிலோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதத்திலோ, எல்லோரையும் போல வரலாம்.

திரிபுராவில் இரண்டு மாணவர்களுக்கு இந்தக் குறைபாட்டைக் காட்டி எம்.பி.பி.எஸ். சீட் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மார்ச்சில், வல்லுநர் குழு அமைத்து இதை ஆராயும்படி இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அந்த மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. பிரணய் குமார் போடர் எதிர் திரிபுரா மாநிலம் என்ற இந்த வழக்கின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை சின்ன வேலைதான். ஸ்டான்லி மருத்துவமனையின் கண் பிரிவிலோ, எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ ஓ.பி. சீட்டு போட்டு, கலர் விஷன் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் கையில் வைத்துக் காட்டுவார்கள். முதல் பக்கத்தில் 12, அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த பக்கத்தில் மற்றவர்களுக்கு 8 தெரியும் இடத்தில் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர் 3 என்பார். செல்போனில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், திரைக்குத் திரை நிறம் மாறும்.

படிக்கும்போது சிரமம் இருக்கும், அதை மறைக்க வேண்டாம். பாக்டீரியாவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கிராம் ஸ்டெயின் ஸ்லைடில் ஊதாவையும் வெளிர் இளஞ்சிவப்பையும் பிரிப்பது, லேசான தோல் தடிப்பு, மலத்தில் ரத்தம், இவையெல்லாம் தடுமாறவைக்கும். வடிவத்தையும் அமைப்பையும் வைத்து ஸ்லைடு படிக்கப் பழக வேண்டும். நோயாளி விஷயத்தில் சந்தேகம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். முதல் வருஷமே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. இறுதியாண்டு வரை ஒளித்துவைப்பதுதான் ஆபத்து.

எல்லா வேலைக்கும் இதே கதை இல்லை. பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே குடும்பங்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன், லோகோ பைலட் வேலைக்கு நிறப்பார்வை சரியாக இருந்தே ஆக வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் விதியை 2020-இல் தளர்த்திவிட்டார்கள், லேசான, மிதமான குறைபாடு உள்ளவர்களுக்குக் கிடைக்கும்.

சேர்க்கையின்போது உடல்தகுதிச் சான்றைக் காட்டி யாராவது மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதோடு கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவில் அன்றைக்கே மனு கொடுங்கள், கலந்தாய்வுச் சுற்றுகள் காத்திருக்காது. அப்புறமும் நகரவில்லை என்றால் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே வக்கீல் இலவசம்.