இடுப்புக்கு நடை சொல்லிக்கொடுக்கும் குதிரை

ஆடித் திருவிழாவையொட்டி அந்தியூரில் கூடும் குதிரைச் சந்தைக்கு வாங்க வருபவர்கள் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள், காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் மார்வாரி இனக் குதிரையை நாட்டியம் ஆடவிட்டு ரசிப்பார்கள். இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) என் தொழில் என்பதால் நான் பார்ப்பது பின்னங்கால்களை. துள்ளாமல், அவசரப்படாமல், இடமும் வலமும் ஒரே அளவாக எட்டு வைக்கும் குதிரை கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுவேன்.

ஒருமுறை ஐந்து வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்டார்: “ஏனுங்க, குதிரை மேல் உட்கார வைத்தால் பையன் நடந்துவிடுவானாமே?” பெருமூளை வாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடலசைவு கட்டுக்குள் வராத நிலை (செரிப்ரல் பால்சி) உள்ள பையன். தொடைகள் இரண்டும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே இறுகிக் கிடந்தன. அன்று நின்றவாக்கில் அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

நடை என்றால் கால் என்றே நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு எட்டிலும் நம் இடுப்பெலும்பு முன்பின்னாகச் சாய்கிறது, பக்கவாட்டில் ஏறி இறங்குகிறது, லேசாகத் திரும்பவும் செய்கிறது. இப்போது குதிரையைப் பாருங்கள். இடது பின்னங்கால் தரையை விட்டு எழுந்ததும் அதன் முதுகின் இடப்பக்கம் தாழும். மேலே உட்கார்ந்திருப்பவரின் இடது இடுப்பும் கூடவே தாழ்ந்து முன்னே போகும். உடனே வலப்பக்கம். நாம் நடக்கும்போது நிகழும் அதே மூன்று அசைவுகள்தாம். வேகமும் பொருந்திப் போகிறது: மனிதர் நிமிடத்துக்கு 100 முதல் 120 எட்டு வைக்கிறோம், நிதானமாக நடக்கும் குதிரையின் பின்னங்கால்களும் 100ஐ ஒட்டியே வைக்கும். ஆக, 20 நிமிடத்தில் ஏறக்குறைய 2,000 முறை, ஒருநாளும் நடந்திராத ஓர் இடுப்பு நடக்கிற இடுப்பைப் போல அசைகிறது. எங்கள் கைகளால் இதைச் செய்யவே முடியாது.

குழந்தை சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். உண்மையில் ஒவ்வொரு அசைவிலும் உள்காதின் சமநிலை உறுப்பு மூளைக்குச் செய்தி அனுப்ப, வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உடலை நடுவுக்குக் கொண்டுவர வேலை செய்கின்றன. குதிரையை நிறுத்தினால் உடல் முன்னே சாயும். இழுத்துப் பிடித்தாக வேண்டும். வளைவில் திருப்புவது, மேட்டில் ஏற்றுவது, குழந்தையைப் பின்னோக்கி உட்கார வைப்பது எல்லாம் இந்த வேலையைக் கூட்டிக் குறைக்கும் வழிகள். சேணத்துக்குப் பதிலாகத் தடித்த விரிப்பு போடுவதும் காரணத்தோடுதான். குதிரையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிட ஒரு டிகிரி அதிகம். அந்தக் கதகதப்பும், கால் அகட்டிய இருப்பும், தாளம் தவறாத ஆட்டமும் சேர்ந்து இறுகிய உள்தொடைத் தசைகளைத் தளர்த்துகின்றன. அந்தத் தளர்வு நிலைக்காது. இறங்கிய கையோடு நிற்கவும் எட்டு வைக்கவும் பயிற்சி கொடுத்தால்தான் பலன்.

பையன் நடப்பானா என்பதற்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. மூளையில் ஏற்பட்ட சேதத்தைக் குதிரை ஆற்றாது. உட்காரும் நிலையும் சமநிலையும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பல சிறிய ஆய்வுகள் என்பதையும் மறைக்கக் கூடாது. டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்டெல் 1944இல் போலியோவால் தாக்கப்பட்டவர். முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது கடைசிவரை திரும்பவில்லை. ஆனாலும் பிறர் ஏற்றி இறக்க, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். 1956இல் மீண்டும் வெள்ளி. அவருக்குத் திரும்பியது குதிரை மேல் தன் உடலை ஆளும் திறன். அதுவே பெரிது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் குதிரை உதவுவது வேறு வழியில். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 6 முதல் 16 வயதுள்ள 127 பேரில் ஒரு பாதியினர் 10 வாரம் சவாரி கற்றார்கள். மறுபாதியினர் உயிருள்ள குதிரையைத் தொடாமல், பொம்மைக் குதிரையை வைத்து அதே பாடங்களைப் படித்தார்கள். சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்தன, பேசிய சொற்கள் கூடின. ஒப்பிடுவதற்குப் பொம்மைக் குதிரையை வைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் குழந்தையை ஊட்டி ஏரிக்கரைக் குதிரையில் ஏற்றிவிடாதீர்கள். கட்டுக்குள் வராத வலிப்பு, விலகிய இடுப்பு மூட்டு, டவுன் நோய்க்குறியில் சிலருக்கு வரும் கழுத்தெலும்புத் தளர்ச்சி இருந்தால் சவாரி ஆபத்து. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தலைக்கவசம், கயிறு பிடித்து நடத்த ஒருவர், இருபுறமும் ஒவ்வொருவர், கூடவே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர். சிறிதளவு நொண்டும் குதிரைகூட ஆகாது. அதன் கோணல் அப்படியே குழந்தையின் இடுப்புக்கு ஏறிவிடும்.

சவாரி கூடாத குழந்தைக்கும் தரையில் வேலை இருக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுகப் பொத்திய கையை நாங்கள் விரித்துவிடுவோம், விட்டதும் மூடிக்கொள்ளும். ஊறவைத்த கொள்ளைக் குதிரைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளங்கை பலகை போல விரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விரல் பல்லில் படும். அன்று அந்தப் பையனின் கையை அம்மா அடியிலிருந்து தாங்கிப் பிடித்தார். குதிரையின் மேலுதடு ஒவ்வொரு மணியாகத் துழாவி எடுத்து முடித்த பிறகும், இன்னும் வருமென்று அந்தக் கை சிறிது நேரம் விரிந்தே இருந்தது.