கலவரம் ஏன் சில தெருக்களில் மட்டும் வெடிக்கிறது?

2008 மே மாதம், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிய வன்முறையில் 62 பேர் இறந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களை விரட்டக் கிளம்பிய கும்பல்களின் கலவரம் அது. ஆனால் இறந்தவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள்.

காரணம் கேட்டால் வறுமை, வேலையின்மை என்பார்கள். சரி, ஆனால் அதே வறுமையில் உழலும் எத்தனையோ குடியிருப்புகள் அன்று அமைதியாகத்தானே இருந்தன? விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் தோண்டினார்கள். கலவரம் நடந்த பல இடங்களில் அதற்கு முன்பே தெருக்கூட்டம் நடந்திருக்கிறது. கூட்டியவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள், போட்டி வியாபாரிகள். ஆளில்லாத அதிகாரத்தைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டவர்கள்.

'ஸ்பாஸா' எனப்படும் பெட்டிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி சிகரெட், கொஞ்சமாகச் சர்க்கரை என்று விற்கும் கடை. சோமாலியாக்காரர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து மொத்தமாகச் சரக்கெடுத்து, குறைந்த லாபத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம், பக்கத்துக் கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய சங்கம் கூட்டம் போடுகிறது, 'காலி செய்' என்று மிரட்டல் போகிறது. அப்புறம் ஒரு வதந்தி போதும், கடை சூறையாடப்படும். கைதானவர்களில் பலர் தண்டனையில்லாமல் வெளியே வந்துவிடுவதால் அடுத்த முறை பயமும் இருப்பதில்லை.

மற்ற ஆப்பிரிக்க நாடுகள் என்ன செய்தன? இதேபோன்ற தாக்குதல்கள் மறுபடி வெடித்தபோது, 2015இல் மலாவியும் ஜிம்பாப்வேயும் பேருந்து அனுப்பித் தம் மக்களை அழைத்துக்கொண்டன. 2019இல் நைஜீரியர்கள் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பதிலுக்குத் தென்னாப்பிரிக்க நிறுவனமான ஷாப்ரைட்டின் கடையைச் சூறையாடினார்கள். அங்கே வேலை பார்த்ததோ நைஜீரியர்கள்! தென்னாப்பிரிக்க அதிபர் ரமபோசாவின் தூதர்கள் நாடு நாடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். தெருக்கூட்டத்தைக் கூட்டியவருக்கு இதில் எதுவும் உறைக்காது.

பாதிக்கப்பட்டவர்களின் நாட்டுத் தூதரகங்கள் வழக்கறிஞர் வைத்து, வழக்கைத் தீர்ப்புவரை விடாமல் துரத்தினால் உறைக்கும் என்பது என் கணிப்பு. விமானம் அனுப்பும் அளவுக்கு அது பெயர் வாங்கித் தராது, அதுதான் சிக்கல்.

குறை சொல்லும் நாடுகளுக்குக் கை சுத்தமும் வேண்டும். கானா 1969இலும் நைஜீரியா 1983இலும் அண்டை நாட்டவரை லட்சக்கணக்கில் வெளியேற்றியவை. துனிசிய அதிபர் 2023இல் பேசிய பேச்சு கறுப்பினக் குடியேறிகள் மீது தாக்குதலாக முடிந்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2018இல் தடையற்ற நடமாட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதியது. நடைமுறைக்கு வர 15 நாடுகள் உறுதிப்படுத்த வேண்டும். 2024 வரை உறுதிப்படுத்தியவை நான்கே: ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ டோமே.