பேமிட் காணியில் லண்டன் வீடு

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு என் கந்தோருக்கு வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிவிடுவார்கள். நல்லூர்த் தேர் முடியும்வரை ஓயாது. கிளிநொச்சியில் சட்டத்தரணியாகவும் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாகவும் இருக்கும் எனக்கு அந்த மாதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான். “பிள்ளை, பென்சன் வயது வந்திட்டுது. இனி ஊரோடை வந்து இருப்பம் எண்டு நினைக்கிறன். காணிப் பக்கத்தாலை ஏதும் பிரச்சினை வருமோ?”

போன வருடம் வந்த ஐயா ஒருவருக்கு 66 வயது. ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். லண்டனில் முப்பது வருடம் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை. தகப்பனின் காணி விசுவமடுவில். படித்த வாலிபருக்கு அரசு காணி கொடுத்த திட்டத்தில் கிடைத்தது. எழுபதுகளில் செத்தல் மிளகாய் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் அந்த மண்ணில் மிளகாய் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்களாம். அந்தக் காணியில் 2014 இலிருந்து காசு அனுப்பி ஒரு வீடு கட்டியிருக்கிறார். நாலு அறை, மேல்மாடி, தரை முழுக்க மாபிள். இப்போது அதில் இருப்பவர் அவருடைய அக்கா. பாதியைத் தன் பேரில் எழுதித் தரச் சொல்லி ஐயா என்னிடம் வந்திருந்தார்.

“உறுதி இருக்கே ஐயா?”

“பேமிட் இருக்கு பிள்ளை. எங்கட காணிதானே, என்ன பிரச்சினை?”

பிரச்சினையே அந்தப் பேமிட்தான். உறுதி என்பது காணி உங்களுக்குச் சொந்தம் என்று காட்டும் பத்திரம், பேமிட் வெறும் அனுமதிப்பத்திரம். வன்னியில் குளத்தை ஒட்டிய குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இருந்து பயிர் செய்கிறவருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்து விட்டவை. அதன் உரித்தைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல சம்மதமில்லாமல் விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. சம்மதமில்லாமல் எழுதினால் அது செல்லாது. அப்படி எழுதக்கூடாது என்று நொத்தாரிசுக்கே சட்டம் தடை போட்டிருக்கிறது. சில காலத்துக்குப் பிறகு கிடைக்கும் அளிப்புப் பத்திரத்தையும் உறுதி என்றுதான் சனம் சொல்லும். அதிலும் அந்தச் சம்மதம் வேண்டும். காணிக்காரர் இறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு போகாது. பின்னுரித்தாளராகப் பதிந்திருப்பவருக்கே போகும். இந்த ஐயாவின் தகப்பன் அக்காவைப் பதிந்திருந்தார்.

வீடு? காணி யாருடையதோ வீடும் அவருக்கே. “காசு நான்தானே அனுப்பினனான்” என்றார். எதால் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உண்டியலில் என்றார். வங்கிக்கு வெளியே ஆள் வைத்துக் காசு கைமாற்றும் வழி அது. வங்கியில் ஒரு துண்டு இல்லை. பத்து வருடக் காசு காற்றோடு வந்து சீமெந்தாகியிருக்கிறது.

இங்கே அக்காவைக் குற்றவாளியாக நினைக்காதீர்கள். மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்து, பற்றையாகிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கியவர் அவர். அரச அலுவலர் ஊருக்கு வந்து நடத்திய ஒவ்வொரு நடமாடும் சேவையிலும் பேமிட் பிரதியோடு வரிசையில் நின்றவரும் அவர்தான். ஆளில்லாமல் காடாகிப்போன எத்தனையோ காணிகளில் இன்று வன இலாகாவின் எல்லைக் கல் நிற்கிறது. அக்கா நின்றதால்தான் அந்தக் காணி காணியாக இருக்கிறது. இதை ஐயாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

உறுதிக் காணி வைத்திருப்போரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உங்கள் உரிமையை மறுத்து ஒருவர் 10 வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம், அதாவது காணி தனக்கே என்று கேட்கலாம். போரால் வழக்கிட முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டது. ஆனால் வழக்கிட அது கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். அது போய்விட்டது.

அடுத்தது கடவுச்சீட்டு. வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்த அன்றே இலங்கைப் பிரஜாவுரிமை தானாகப் போய்விடுகிறது. பழைய அடையாள அட்டை பேர்சில் இருப்பதால் நீங்கள் இலங்கையர் ஆகிவிட மாட்டீர்கள். அந்த அட்டையைக் காட்டிக் காணி வாங்கி எழுதியவர்கள் இருக்கிறார்கள். பிறகு அந்த உறுதியோடு என்னிடம் வந்து முழிப்பார்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. தாய் தகப்பன் போன்ற நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ முதுசமாகவோ வரும் காணிக்கு விலக்கு உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 55 வயது கடந்தவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. காணி பார்க்கிறதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

சரி, காணி முடிந்தது என்று வையுங்கள். மாதச் செலவுக்குக் காசு எங்கேயிருந்து வரும்? பென்சன் என் துறையல்ல. ஆனால் உறுதி எழுத வருகிறவர்கள் அதைப்பற்றியும் கேட்பதால் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்கப் பயமாகத்தான் இருந்தது.

பிரித்தானிய அரச பென்சன் இலங்கைக்கு வரும். ஆனால் நீங்கள் இங்கே வந்து குடியேறியபோது எவ்வளவோ அவ்வளவுதான். ஒவ்வொரு சித்திரையிலும் அங்கே ஏறும் ஏற்றம் இங்கே ஏறாது. 2010 இல் முழு அடிப்படைப் பென்சனோடு இங்கே வந்தவர் இன்றைக்கும் கிழமைக்கு 97.65 பவுண்தான் எடுக்கிறார். அங்கேயே இருந்திருந்தால் 2025 இல் 176.45 பவுண். பலருக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம் ரூபா. அந்த நேரம் பவுண் 200 ரூபாவுக்குக் கீழே, இப்போது 400 ரூபா அளவில். கையில் கட்டு பெரிதாகியிருக்கும். தேங்காய் என்ன விலை, மீன் என்ன விலை என்று கேட்டால்தான் சங்கதி விளங்கும்.

கனடாவில் 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் வாழ்ந்திருந்தால் ஓல்ட் ஏஜ் பென்சன் இங்கேயும் வரும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு நின்றுவிடும். எண்பதுகளில் போனவர்களுக்குப் பிரச்சினையில்லை. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அறுபது வயதில் போன தாய் தகப்பன்தான் இதில் அகப்படுவது.

இன்னொன்று இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. எங்கள் ஆட்கள் கனபேர் கடையிலும் உணவகத்திலும் பதிவில்லாமல் கைக்காசுக்கு வேலை செய்தவர்கள். அவர்களின் பென்சன் சின்னது. அங்கே அவர்களைத் தாங்கி வைத்திருப்பது அரசு மேலே போட்டுக் கொடுக்கும் தொகை. அந்தத் தொகை விமானம் ஏறாது. பிரித்தானியாவின் பென்சன் கிரெடிட் நின்றுவிடும். கனடாவில் ஜி.ஐ.எஸ். என்ற மேலதிகத் தொகை ஆறு மாதத்தில் நிற்கும். சுவிஸில் பென்சன் போதாதவர்களுக்குக் கொடுக்கும் மேலதிகத் தொகையும் அந்த நாட்டில் இருப்பவருக்கு மட்டுமே. பிரான்சில் ஆஸ்பா என்ற அதேபோன்ற உதவியை எடுப்பவர் வருடத்தில் 9 மாதம் அங்கே இருந்தாக வேண்டும், 2023 வரை 6 மாதமாக இருந்தது. ஆகவே உங்கள் வங்கிக் கணக்கில் விழும் மாதக் காசில் எது பென்சன், எது உதவி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

வைத்தியத்தைப் பற்றி வைத்தியர்கள் எழுதட்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கிளிநொச்சியில் மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் இதயத்தில் பெரிய சிக்கல் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏ9 வீதியில் 60 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானில் பிறந்தவர் ஒட்டுசுட்டானிலேயே வீடு கட்டவேண்டும் என்று கட்டாயமா? அப்புறம், பார்க்க ஆள். “ஊரிலை ஒரு பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கலாம்” என்பார்கள். அந்தப் பிள்ளைகள் விடியக் காலமை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

கனடாக்காரர் சிலர் நல்லதொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் 12 மாதத்துக்குள் 153 நாள் இருந்தால் மருத்துவ அட்டை செல்லும். அதனால் குளிருக்கு இங்கே, கோடைக்கு அங்கே. இதைத்தான் நான் பலருக்கும் சொல்வது. ஒரு குறை உண்டு. இவர்கள் கார்த்திகையில் வந்து பங்குனியில் போய்விடுவதால் குளம் நிறைந்து வயல் பச்சையாக இருக்கும் வன்னியை மட்டுமே தெரியும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்க, கிணற்றில் வாளி தரை தட்டும்போது ஒரு தரம் வந்து இருந்து பாருங்கள். மாரிக்கும் இன்னொரு முகம் உண்டு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்த சனத்தைக் கேட்டால் சொல்லும். வாடகைக்கு ஒரு வருடம் இருந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். அதுவரை அங்கே இருக்கும் வீட்டை விற்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், கொடுத்தவர் இறந்ததும் அதுவும் முடிந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மரணசாசனம் வேறு, அது வேறு.

விசுவமடு ஐயாவிடம் வருவோம். வழக்குப் போடத்தான் வேண்டும் என்று இரண்டு தரம் வந்தார். போட்டால் உங்கள் காசு முழுக்க எனக்குத்தான் வரும், காணி வராது என்றேன். மூன்றாம் தரம் வந்தபோது வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சொன்னார், கிளிநொச்சி நகரில் கரடிப்போக்குப் பக்கம் இரண்டு அறை வீடு, ஒரு வருடத்துக்கு. லண்டன் வீட்டை விற்கவில்லை. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

போன மாதம் கடைத்தெருவில் கண்டேன். சமையலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அக்கா மத்தியானச் சாப்பாடு பஸ்ஸிலை குடுத்து விடுறா பிள்ளை. புட்டும் மீன் குழம்பும். நான் காணியைப் பற்றிக் கதைக்கிறதை விட்டாப் பிறகுதான்.”