இங்க மழையே இல்லையே சார்!

போன ஐப்பசியில் திருவள்ளூர் மாவட்டம் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆரணியாற்றுத் தரைப்பாலம் ஒன்றில் பைக்கோடு அடித்துப் போன பையனைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தோம். பைக் போனது போனதுதான். பல் கிட்டி நடுங்கிக்கொண்டே அவன் கேட்ட முதல் கேள்வி: "இங்க மழையே இல்லையே சார், தண்ணி எப்படி வந்துச்சு?"

மீட்புப் பணியில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, எழுதியே விடுகிறேன்.

ஆரணியாறு நம்மூரில் பிறப்பதில்லை. (திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை இதோடு குழப்ப வேண்டாம்.) ஆந்திராவில் நாகலாபுரம், நாராயணவனம் பக்கத்து மலைகளில் பெய்கிற மழை பிச்சாட்டூர் அணையில் சேர்கிறது. கொள்ளளவு 1.85 டி.எம்.சி.தான். நிரம்பினால் உபரிநீர் சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைத் தாண்டி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகும். 1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, பிச்சாட்டூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. மதகு அங்கே, தரைப்பாலம் இங்கே.

அங்கே ராத்திரி கொட்டிய மழைக்கு இங்கே மறுநாள் பளீர் வெயிலில் வெள்ளம் வரும். உங்கள் மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும், கீழே பாலம் முழுகியிருக்கும். தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்து இந்த ஆற்றைக் கணக்குப் போடாதீர்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் வடமேற்கே பாருங்கள்.

இன்னொரு கூட்டம், "கிருஷ்ணா தண்ணி திறந்துட்டாங்களா?" என்று கேட்கும். சென்னைக்குக் குடிக்க வருகிற அந்தத் தண்ணீர் ஆந்திராவின் கண்டலேறு அணையில் திறந்து, தமிழக எல்லையில் இருக்கிற ஜீரோ பாயின்டிலிருந்து பூண்டி ஏரிக்குத் தனிக் கால்வாயில் போகிறது. அது அளந்து வருகிற தண்ணீர். இது அளக்காமல் வருவது. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வருகிறவர்களுக்கு ஆறு என்றால் வெறும் மணல்தான். அந்த நினைப்பிலேயே கார்த்திகையிலும் வண்டியை இறக்குகிறார்கள்.

பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா, வண்டியைத் திருப்புங்கள். கணுக்கால் அளவுதானே என்பீர்கள். அந்தச் செம்மண் தண்ணீருக்கு அடியில் பாலத்து ஓரம் அரித்துப்போயிருக்கிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்பை ஊன்றிப் பார்க்காமல் நானே கால் வைப்பதில்லை. பாலத்துக்குக் கீழே மணல் அள்ளிய குழிகள் வேறு. லாரி போச்சே என்று பின்னாலேயே போகாதீர்கள், உங்கள் ஸ்கூட்டர் லாரி இல்லை. வண்டி சாய்ந்தால் விட்டுவிடுங்கள். யாராவது அடித்துப் போவதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காமல் 112-க்குப் போன் போடுங்கள். வீடியோ அப்புறம் எடுக்கலாம்.

ஆற்றுத் திட்டில் மாடு மேய்க்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனால் அன்றைக்கு மட்டும் மேட்டிலேயே மேய்த்துக்கொள்ளுங்கள். மீறி மாட்டிக்கொண்டால் மாட்டை அவிழ்த்து விடுங்கள் தாத்தா, அது நீந்தும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.