அடிவாரத்தில் மழை, உச்சியில் பனி

கனடாவின் விஸ்லர் மலையில் குளிர்கால நாளொன்றில் கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும் கண்ணாடிப் பெட்டி, ஏறினால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கிளம்பும்போது கண்ணாடியில் மழைத்துளி கோடு போட்டு வழியும். கொஞ்ச உயரம் போனதும் 'சொத்'தென்று விழுந்து, பாதி ஒட்டிப் பாதி வழியும். இன்னும் மேலே போனால் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிக்கொள்ளும். மேகம் என்னவோ ஒன்றுதான்.

பனிச்சறுக்குக்குப் பேர்போன விஸ்லரில் ஊர் இருப்பது சுமார் 675 மீட்டரில். மலையுச்சி ஏறக்குறைய 2,180 மீட்டரில். ஈரக்காற்றில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஊரில் 4 டிகிரி என்றால் உச்சியில் மைனஸ் 5. நடுவே 1,340 மீட்டர் வாக்கில் பூஜ்யம்.

சரி, அதற்குக் கீழே மழை, மேலே பனி என்று கோடு கிழித்துவிடலாமா? முடியாது. பூஜ்யத்தைத் தாண்டிய உடனே பனிச்செதில் கரைந்துவிடுவதில்லை. முழுக்க உருக இன்னும் 200, 300 மீட்டர் இறங்க வேண்டும். அந்த இடைவெளியில் செதில்களின் மேற்பரப்பு ஈரமாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெரிய பெரிய திட்டுகளாக விழும். படத்துக்கு அழகு, சறுக்குபவர்களுக்கோ கோட்டு நனையப்போகிறது என்று அர்த்தம்.

காற்று வறண்டிருந்தால் இன்னொரு வேலை நடக்கும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படித்தான். செதிலின் ஈரம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதும் பனி விழலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பனி தன் பாதையைத் தானே குளிர்வித்துக்கொள்வது. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றுதான் கொடுத்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமமான பனி, 100 மீட்டர் தடிமனுள்ள காற்றடுக்குக்குள்ளேயே உருகினால், அந்த அடுக்கு சுமார் 3 டிகிரி குளிர்ந்துவிடும். ஆகவே தூறும்போது மலையில் மேலே நிற்கும் பனிக்கோடு, கொட்டும்போது மளமளவென்று பள்ளத்தாக்குக்கு இறங்கிவரும். மழை வலுத்ததால் பனியாக மாறியது என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

ஆனால் இதற்குக் காற்று அசையாமல் இருக்க வேண்டும். பலமாக வீசினால் குளிர்ந்த காற்றைத் தள்ளிவிட்டுப் புதிய வெதுவெதுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹவாய்ப் பக்கமிருந்து பசிபிக்கைக் கடந்துவரும் ஈரக்காற்றுப் பட்டை அப்படிப்பட்டது. அதற்குப் பெயர் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்'. அது வந்துவிட்டால் பூஜ்யக் கோடு உச்சிக்கும் மேலே போய்விடும். கோண்டோலாவில் எவ்வளவு உயரம் ஏறினாலும் கண்ணாடியில் கோடு போட்டு வழிவது மழைதான்.