கோப்பைப் பூட்டியது யார்?

பாகூரில் நான் நடத்தும் டிடிபி கடைக்குப் போன வாரம் ஒரு பெரியவர் கடன் மனு அடிக்க வந்தார். அடித்து முடித்து, வேர்டையும் மூடிவிட்டு, கோப்புக்கு அவர் பெயரை வைக்கப் போனால் கணினி மறுத்துவிட்டது. கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறதாம். “ஃபைல் லாக் ஆயிடுச்சுங்க ஐயா” என்றேன். “சாவி உன்கிட்ட இல்லியா தம்பி?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பூட்டு என்றதும் சாவிதானே நினைவுக்கு வரும்! கடவுச்சொல் போட்ட கோப்பாக இருந்தால் சாவி உண்டு. ஆனால் இந்த லாக்குக்குச் சாவியே கிடையாது. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது, ‘நான் முடிக்கிற வரைக்கும் வேறு யாரும் இதில் எழுதவோ இதை அழிக்கவோ கூடாது’ என்று சொல்லி வைக்கலாம். விண்டோஸ் அதைக் கேட்டுக்கொண்டு மற்ற நிரல்களைத் தடுத்து நிறுத்தும். திறந்த நிரலின் கையில் இருக்கும் அடையாளத்துக்கு ஹேண்டில் என்று பெயர். தமிழில் ‘பிடி’ என்றாலே போதும். நிரல் பிடியை விட்டால் பூட்டும் போய்விடும்.

ஆங்கில லாக் பழங்காலத்திலேயே தாழ், அடைப்பு என்ற பொருளில் வழங்கிய சொல். நம் பூட்டு வந்த வழி வேறு. பூண் என்பதன் பிறவினை அது: நாமே அணிந்தால் பூணுவது, இன்னொன்றுக்கு மாட்டினால் பூட்டுவது. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். கதவை அடைக்கப் பழைய சொல் தாழ். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்றுதான் குறள் கேட்கிறது.

அதனால் ஃபைல் லாக்குக்குக் ‘கோப்புப் பூட்டு’ என்பதே என் தேர்வு, கதவுப் பூட்டாக நினைக்காமல் ஏர்ப்பூட்டாக நினைத்தால். ஏரில் பூட்டிய மாட்டை அதே நேரத்தில் வண்டியிலும் பூட்ட முடியுமா? அன்லாக் என்பதற்கும் ‘திற’ வேண்டாம், ‘அவிழ்’ என்று சொல்லலாம். கோப்பு ஏற்கெனவே திறந்து கிடப்பதுதானே சிக்கலே.

கோப்பு என்ற சொல்லும் பொருத்தமாக வாய்த்திருக்கிறது. பூக்கோப்பது, மணி கோப்பது என்கிறோமே, அந்தக் கோத்தல்தான். ஃபைலுக்கும் மூலம் நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல். காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த காலத்தில் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் ‘ஃபில்’ என்றால் நூல் என்பார்கள். (என் கடை ரசீதுகள் இன்னும் கம்பியில்தான் குத்திக் கிடக்கின்றன.)

சரி, பூட்டியவரை எப்படிப் பிடிப்பது? விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியூ பகுதியில் ஹேண்டில்களைத் தேடும் கட்டத்தில் கோப்பின் பெயரைத் தட்டினால், பிடித்திருக்கும் நிரல் தெரியும். மைக்ரோசாஃப்டே தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரிலும் இப்படித் தேடலாம். லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் கட்டளை இருக்கிறது. அங்கே பூட்டு பெரும்பாலும் மரியாதைக்குத்தான். பூட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்காத நிரலை அது தடுக்காது.

பெரியவரின் மனுவைப் பிடித்திருந்தது கோப்புறைச் சாளரத்தின் ஓரத்தில் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் முன்னோட்டப் பலகம். அதை மூடியதும் பெயர் மாறியது.

எடுத்த எடுப்பில் டாஸ்க் மேனேஜரில் போய் நிரலை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். உழுகிற மாட்டின் கயிற்றை நடுவில் அறுத்த மாதிரி, சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும். முதலில் அந்த நிரலுக்குப் போய்ச் சேமித்து, முறையாக மூட வேண்டும். அது அசையாமல் நின்றுவிட்டால் மட்டும் டாஸ்க் மேனேஜர். பெயரே புரியாத விண்டோஸ் நிரல் என்றால் அதில் கை வைக்காமல் கணினியை மறுதொடக்கம் செய்துவிடுவேன்.

சில சமயம் மாடு போன பிறகும் நுகத்தடி கிடக்கும். லிப்ரே ஆபீஸ் ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது, அதே கோப்புறையில் சின்னப் பூட்டுக் கோப்பு ஒன்றை மறைவாக வைக்கும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் அது அழியாமல் தங்கிவிடலாம். அப்புறம் திறக்கும்போது, வேறு யாரோ திருத்திக்கொண்டிருப்பதாகச் செய்தி வரும். வேறு கணினியில் நிஜமாகவே யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தக் குட்டிக் கோப்பை அழித்துவிடலாம்.